கண் ஆபரேஷன் டாக்டரைப் பற்றி: சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் மருத்துவமனை வரிசையிலும் மருந்துக்கடை வாசலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறோம்.

1. கண் டாக்டர்னா கண்ணாடி எழுதித் தர்றவருங்களா, ஆபரேஷன் பண்றவருங்களா?

ஒரே மருத்துவமனையில் இரண்டு மூன்று பேர் உங்கள் கண்ணைப் பார்க்கிறார்கள். எல்லோரையும் ‘டாக்டர்’ என்றே கூப்பிடுவதால் வரும் குழப்பம் இது. எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லி, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போடுபவர் ஆப்டோமெட்ரிஸ்ட். அது 4 ஆண்டுப் பட்டப்படிப்பு. அவர் பவர் பார்ப்பார், கண் அழுத்தம் அளப்பார், ஆபரேஷன் செய்யமாட்டார். கண்ணாடிக் கடையில் பிரேமுக்கு லென்ஸ் பொருத்தித் தருபவர் ஆப்டிசியன்.

நோயைக் கண்டுபிடித்து, மருந்து எழுதி, ஆபரேஷனும் செய்பவர்தான் கண் மருத்துவர். அவர் முதலில் எம்.பி.பி.எஸ். படித்தவர். கண்ணாடி மாற்றியும் பார்வை தேறவில்லை என்றால் அது கடையில் தீரும் விஷயமில்லை, அவரிடம் போக வேண்டும்.

2. அதுக்கு எத்தனை வருசம் படிக்கணும்?

எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு, அதோடு 1 ஆண்டு பயிற்சி மருத்துவர். பிறகு நீட் முதுநிலைத் தேர்வு எழுதி இடம் கிடைத்தால் கண் மருத்துவத்தில் எம்.எஸ். அல்லது டி.என்.பி. என்ற முதுநிலைப் படிப்பு 3 ஆண்டு. டி.ஓ. என்பது கண் மருத்துவத்தில் 2 ஆண்டு டிப்ளமோ. மூத்த தலைமுறையில் கைதேர்ந்த அறுவை மருத்துவர்கள் பலர் அதை முடித்தவர்கள்தான், ஆகவே பெயர்ப் பலகையில் எம்.எஸ். இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. அதன்பின் ஒரு பிரிவில் மட்டும் 1 அல்லது 2 ஆண்டு ஃபெல்லோஷிப் என்ற கூடுதல் பயிற்சி. பள்ளி முடித்ததிலிருந்து கணக்கிட்டால் பத்து, பன்னிரண்டு ஆண்டு ஆகிவிடும்.

3. போர்டுல ‘கன்சல்டன்ட்’னு போட்டிருக்காங்களே, அவருதான் பெரிய டாக்டருங்களா?

கன்சல்டன்ட் என்பது பட்டம் அல்ல, பொறுப்பு. முதுநிலைப் படிப்பு முடித்து, தன் பெயரில் நோயாளியை ஏற்று, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தானே முடிவு செய்து, விளைவுக்கும் தானே பதில் சொல்பவர் என்று பொருள். பிரிட்டனில் அது வரையறுக்கப்பட்ட மேல்நிலைப் பதவி. நம் ஊரில் தனியார் மருத்துவமனைகள் அதைத் தாராளமாகவே போட்டுக்கொள்கின்றன.

எஃப்.ஆர்.சி.எஸ்., எஃப்.ஐ.சி.ஓ. போன்றவை வெளிநாட்டு, பன்னாட்டு அமைப்புகள் நடத்தும் தேர்வுகள். தேர்ச்சி பெற்றவர் நன்றாகப் படித்தவர் என்று அவை காட்டும், கைத்திறனைக் காட்டாது. எழுத்துகளை எண்ணுவதைவிட மருந்துச்சீட்டில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் கட்டாயம் இருக்க வேண்டும்.

4. கண்ல பிரஷர்னு சொன்னாரு. நான் பி.பி. மாத்திரை ஒழுங்காத்தானே போடுறேன்?

இரண்டும் வேறு. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழி அடைபடும்போது உள்ளே ஏறுவதுதான் கண் அழுத்தம். சாதாரணமாக 10 முதல் 21 வரை (பாதரச மில்லிமீட்டர் கணக்கில்) இருக்கும். அளவு 18 இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் உண்டு, 24 இருந்தும் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. அதனால்தான் மருத்துவர் எண்ணை மட்டும் பார்க்காமல் பார்வை நரம்பின் குழியையும், பக்கப் பார்வைப் படத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். இதில் போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே. ‘போட்டும் தெளிவா தெரியலையே’ என்று பாதியில் நிறுத்துபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

5. எல்லாக் கண் டாக்டரும் எல்லா ஆபரேஷனும் பண்ணுவாங்களா?

இல்லை. புரை ஆபரேஷனை ஏறத்தாழ எல்லா அறுவை மருத்துவரும் செய்வார்கள். மற்றபடி கருவிழி (கண்ணின் முன்புறக் கண்ணாடி போன்ற படலம்), கண் அழுத்தம், விழித்திரை, மாறுகண்ணும் குழந்தைக் கண்ணும், இமையும் கண்ணீர்ப் பையும் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. விழித்திரை மருத்துவர் அரை மில்லிமீட்டர் அளவுள்ள துளைகள் வழியாகக் கண்ணின் பின்பகுதிக்குள் போய் வேலை செய்கிறார். கருவிழி மருத்துவர் தலைமுடியை விட மெல்லிய நூலால் தானமாகக் கிடைத்த கருவிழியைத் தைக்கிறார். இருவரும் ஒரே படிப்பில் தொடங்கினாலும் பத்து ஆண்டு கழித்து ஒருவர் வேலையை மற்றவர் தொடமாட்டார். ‘இது என் பிரிவு இல்லை, இன்னாரிடம் போங்கள்’ என்று எழுதித் தருபவரைத் தெரியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

6. கத்தி வெக்காம லேசர்லயே புரை எடுத்துடலாமுங்களா?

நம் ஊரில் ‘லேசர் ஆபரேஷன்’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பேகோ. அது லேசர் இல்லை, ஒலி அலை. ஊசிமுனை நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிர்ந்து புரையைத் துகளாக்கி உறிஞ்சும். பல் மருத்துவர் காறை எடுக்கும் கருவியிலிருந்து யோசனை பிடித்து, சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1967-இல் இதைக் கொண்டுவந்தார். உண்மையான லேசர் இயந்திரமும் இருக்கிறது. அது வெட்டும் வேலையையும் புரையைப் பிளக்கும் வேலையையும் செய்யும். மிச்சத்துக்கு அதே ஊசி வேண்டும், செலவு மட்டும் கூடும்.

ஆபரேஷன் முடிந்து சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கினால், அதில் துளை போடுவது மட்டும் முழுக்க லேசர். சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். ‘புரை திரும்ப வந்துருச்சு’ என்பது இதைத்தான். எடுத்த புரை திரும்ப வருவதில்லை.

7. பத்து நிமிசத்துல முடிச்சுட்டாரே, அதுக்கு இவ்வளவு காசா?

அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பது இது. பாப்பாவை (கண்ணின் நடுவே ஒளி நுழையும் கருந்துளையை) விரித்து வைத்த கண்ணில் 5 சதவீத பொவிடோன் அயோடின் விட்டு 3 நிமிடம் காத்திருக்கிறார்கள். தொற்றைத் தடுப்பதில் இந்தக் காத்திருப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சொட்டு மருந்தாலோ கண்ணைச் சுற்றி ஊசியாலோ மரக்கச் செய்கிறார்கள். கருவிழி ஓரத்தில் 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் கீறல். உள்ளே ஜெல். புரை இருக்கும் பையின் முன்சவ்வில் 5 மில்லிமீட்டர் குறுக்களவுக்கு ஒரு வட்டம் கிழிக்கிறார். ஊறவைத்த பாதாம் தோலை ஒரே வட்டமாக உரிப்பது போன்ற வேலை. வட்டம் ஓரத்துக்கு ஓடிவிட்டால் அடுத்த எல்லாமே சிக்கல். பிறகு நீர் பாய்ச்சிப் புரையைப் பையிலிருந்து கழற்றி, நாலாக உடைத்து, உறிஞ்சி, அதே பைக்குள் சுருட்டிய லென்ஸை விடுகிறார். ஜெல்லைக் கழுவி எடுத்து, கீறல் ஓரத்தில் நீர் ஏற்றி மூடுகிறார். தையல் இல்லை.

இதில் இரண்டு கையோடு இரண்டு காலும் வேலை செய்கின்றன. ஒரு கால் நுண்ணோக்கியை நகர்த்தும். மறு கால் பெடலில் முதல் அழுத்தம் நீர், இரண்டாவது உறிஞ்சல், மூன்றாவது ஒலி அலை. பையின் பின்சவ்வு தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். கால் அரை அங்குலம் கூடுதலாக அழுந்தினால் அது கிழியும். நிமிடம் குறைவாக இருப்பது பல ஆயிரம் முறை செய்து தேவையற்ற அசைவுகள் உதிர்ந்துபோனதால்தான்.

புரை பழுப்பேறிக் கல்லாகிவிட்டால் சிலர் 6 மில்லிமீட்டர் சுரங்கக் கீறல் போட்டு முழுதாக எடுப்பார்கள். அதற்கும் பெரும்பாலும் தையல் கிடையாது. அது ‘பழைய முறை’ அல்ல; அத்தகைய கண்ணுக்கு அதுவே பத்திரமாகவும் இருக்கலாம்.

8. புரை இன்னும் முத்தலையே, முத்தினப்புறம் பண்ணிக்கலாமுன்னு மாமா சொல்றாரு.

மாமா சொல்வது லென்ஸ் இல்லாத காலத்துக் கணக்கு. அப்போது புரையை முழுதாக வெளியே எடுப்பார்கள், பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. ஹெரால்ட் ரிட்லி 1949-இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸை வைத்த பிறகு கணக்கு மெல்ல மாறியது. முத்தின புரையை உடைக்க அதிகச் சக்தி வேண்டும். அந்த அதிர்வு கருவிழியின் உட்புறச் செல்களை அழிக்கும், அவை மறுபடி வளர்வதில்லை. முற்றிலும் முத்தினால் புரை ஊதியோ கசிந்தோ கண் அழுத்தம் ஏறி, வலியோடு அவசரமாக ஓட வேண்டிவரும்.

எப்போது செய்வது என்பதைத் தொழில்தான் சொல்லும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைப்புப் பொடி வைப்பவருக்கு இலேசான புரையே தொழிலைக் கெடுக்கும். சங்ககிரி லாரி ஓட்டுநருக்குப் பகலில் ஒன்றும் தெரியாது, இரவில் எதிர் விளக்கு சிதறும். வீட்டிலிருக்கும் பாட்டிக்கு இன்னும் ஓராண்டு பொறுக்கலாம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்காமலே தேதி குறிக்கும் இடத்தில் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

9. மூணு விலையில லென்ஸ் காட்டுறாங்க. விலை கூடினா பார்வையும் கூடுமா?

கூடாது. சாதாரண லென்ஸ் ஒரு தூரத்துக்குத் தெளிவு தரும்; கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டும். டோரிக் லென்ஸ் கருவிழி வளைவு கோணலாக உள்ளவர்களுக்கு. மல்டிஃபோகல் கண்ணாடித் தேவையைக் குறைக்கும்; ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கிய ஒளியில் பளிச்சென்ற தன்மையும் சற்றுக் குறையும். மேலே சொன்ன லாரி ஓட்டுநருக்கும், விழித்திரை கெட்ட சர்க்கரை நோயாளிக்கும் அது பொருந்தாது. கொலுசுக்காரர் சிலர் சாதாரண லென்ஸையே கிட்டத்துக்கு அமைக்கச் சொல்லி, தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள். அருமையான தேர்வு அது, பலர் கேட்பதே இல்லை.

பார்வையை உண்மையில் முடிவு செய்வது அளவெடுப்பு. கண்ணின் நீளம் சராசரியாக 23, 24 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவர் இரண்டரை, மூன்று வரை தவறும். முன்பு கண்ணாடி கழற்ற லேசர் செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர்களுக்குக் கணக்கே வேறு. காசு முடை என்றால் கவலை வேண்டாம்: மதுரையில் 1992-இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கிய பிறகு சாதாரண லென்ஸ் எளியவருக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்டது.

10. கண்ணுக்குத்தானே ஆபரேஷன், நான் போடுற மாத்திரையெல்லாம் எதுக்குக் கேக்குறாங்க?

சிறுநீர் தாராளமாகப் போக ஆண்கள் சாப்பிடும் டாம்சுலோசின் ஒரு நல்ல உதாரணம். அது பாப்பாவை விரிக்கும் தசையைத் தளர்த்திவிடும். ஆபரேஷன் நடுவே பாப்பா சுருங்கி, கருவிழிக்குப் பின்னாலுள்ள திரை ஈரத்துணி போல ஆடிக் கீறலுக்குள் வந்து செருகும். நிறுத்தினாலும் குணம் போகாது. முன்பே தெரிந்தால் மருத்துவர் தனி மருந்தும் கொக்கியும் தயாராக வைத்திருப்பார், அவ்வளவுதான் வேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சொட்டு மருந்தால் மரக்கச் செய்யும் ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. சர்க்கரை இருந்தால் விழித்திரையை முதலில் பார்க்க வேண்டும். நடுப்பகுதியில் நீர் கோத்திருந்தால் அதற்கு ஊசி போடாமல் புரையை மட்டும் எடுத்தால் பார்வை எதிர்பார்த்தபடி வராது, பழி லென்ஸ் மேல் விழும்.

11. நல்ல டாக்டர்தான், அப்புறம் எப்படி ஆபரேஷன் கெட்டுப்போகும்?

7-இல் சொன்ன பின்சவ்வு கிழிவது கைதேர்ந்தவருக்கும் எப்போதாவது நடக்கும். கண்ணின் பின்பகுதியிலிருந்து முன்னால் வழியும் இயற்கை ஜெல்லைச் சுத்தமாக வெட்டி எடுத்து, லென்ஸை வேறு இடத்தில் நிறுத்தினால் பார்வை நன்றாகவே வரும். புரைத்துண்டு பின்னால் விழுந்துவிட்டால் விழித்திரை மருத்துவர் வேண்டும். ஆகவே முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி: ‘அப்படி ஆனால் இங்கேயே பார்ப்பீர்களா, எங்கே அனுப்புவீர்கள்?’ கோபப்படாமல் பதில் சொல்பவரை நம்பலாம்.

அரிதானது, ஆனால் பயப்பட வேண்டியது உட்கண் தொற்று. ஆபரேஷன் ஆன முதல் வாரத்தில், முந்தைய நாள் தெளிவாக இருந்த பார்வை மங்கி, வலியும் சிவப்பும் கூடினால் அன்றிரவே போக வேண்டும். கண்ணுக்குள் நேரடியாக மருந்து ஊசி போடுவார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் கண் போய்விடலாம்.

12. பட்டறையில கண்ல தூள் பட்டுருச்சு, மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விட்டா பத்தாதா?

பட்டது என்ன என்பதைப் பொறுத்தது. சுண்ணாம்பு என்றால் ஒரு நொடி யோசிக்காமல் குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் கழுவி, இமைக்குள் ஒட்டிய துகளையும் எடுத்துவிட்டுப் பிறகுதான் வண்டி ஏற வேண்டும். சுத்தியும் உளியும் அடிக்கும்போது ‘சுருக்’ என்று பட்டு, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்றால் அதுதான் ஆபத்து: இரும்புத் துணுக்கு உள்ளே போயிருக்கலாம். எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுக்க வேண்டும், எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது, காந்தம் துணுக்கை இழுக்கும். கண் கிழிந்த மாதிரி இருந்தால் கழுவாமல், அழுத்தாமல், ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு போங்கள்.

காப்பித் தோட்டக் குச்சி, நெல் உமி, சோளத்தோகை பட்டால் பூஞ்சைப் புண் வரலாம். தோட்டத்தில் பட்டு மூன்று, நான்கு நாளில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சந்தேகிக்க வேண்டும். அப்போது கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பும் வலியும் குறைந்த மாதிரி இருக்கும், பூஞ்சை உள்ளே கொழுக்கும். தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் விடக்கூடாது. மருத்துவர் புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, நாட்டமைசின் என்ற பூஞ்சை மருந்தின் 5 சதவீதச் சொட்டை மணிக்கொருதரம் விடச் சொல்வார். வாரக்கணக்கில் ஆகும், பொறுக்கத்தான் வேண்டும்.

13. சின்ன வயசு டாக்டர்னா பயமா இருக்கு, வயசானவர்னா கை நடுங்குமோன்னு இருக்கு.

இளையவர் நேராக உங்கள் கண்ணில் பழகுவதில்லை. முதலில் ஆட்டுக் கண். பிறகு மூத்தவர் பக்கத்தில் இருக்க, ஆபரேஷனின் ஒரு கட்டம் மட்டும். அது கைவந்த பிறகு அடுத்த கட்டம். முழுவதையும் தனியாகச் செய்ய விடுவது கடைசியில்தான். வயதைப் பற்றி: மணிக்கட்டை நோயாளியின் நெற்றியில் தாங்கி விரல் நுனியால் மட்டுமே வேலை என்பதால் சிறு நடுக்கம் அடங்கிவிடும். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களுக்கேற்பக் கருவி அமைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கு மேல் ஆபரேஷன் செய்தவர் அவர். வயதைக் கேட்காதீர்கள், ‘இந்த ஆபரேஷன் மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்’ என்று கேளுங்கள்.

14. எம் பொண்ணு எம்.பி.பி.எஸ். முடிக்கப்போறா. கண் பிரிவு சுலபமுன்னு சொல்றாங்களே?

இரவு அழைப்பு குறைவு என்பது உண்மை. சுலபம் என்பது இல்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் உணர வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணோக்கி வேலை கடினம். பொது மருத்துவத்தில் படித்ததில் பாதி ஒதுங்கிப்போய், புதிதாக ஒரு துறையைக் கற்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து பார்ப்பதால் கழுத்தும் இடுப்பும் சீக்கிரம் தேயும். தனியாக மருத்துவமனை வைப்பதென்றால் நுண்ணோக்கி, பேகோ, அளவெடுக்கும் கருவி என்று கடன் பெரிதாகும். அதனால் பலர் முதல் சில ஆண்டு பெரிய மருத்துவமனையில் சம்பளத்துக்கு இருந்து கையைத் தேற்றிக்கொள்கிறார்கள். அது நல்ல வழி.

15. சேலத்துலயே பண்ணிக்கலாமா, கோயம்புத்தூர், மதுரை போகணுமா?

புரை, கண் அழுத்தம், சர்க்கரை நோய்க்கான லேசர் போன்றவற்றுக்கு ஊரைத் தாண்ட வேண்டியதில்லை. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. ஆபரேஷனுக்கு மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று குறைந்தது மூன்று முறை காட்ட வேண்டும். 11-இல் சொன்ன மாதிரி இரவில் ஓடவேண்டி வந்தால் பக்கத்தில் இருப்பதே பலம். குழந்தையின் கண்ணில் பூனைக்கண் போல வெள்ளை மின்னுவது, கருவிழி மாற்று, ஏற்கெனவே ஆபரேஷன் செய்து சிக்கலான கண் இவற்றுக்குப் பெரிய மையம் தேவை. திடீரென்று மின்னல் தெரிந்து, கரும்புள்ளிகள் கொட்டி, ஓரத்தில் திரை இறங்கினால் விழித்திரை கழலுகிறது என்று பொருள். அப்போது எந்த ஊர் நல்லது என்று விசாரிப்பதை விட, அன்றே பார்க்கும் விழித்திரை மருத்துவர் எங்கே என்று விசாரிக்க வேண்டும்.

16. வீடு ஏற்காட்டுல. விழித்திரை ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள கேஸ் வெச்சிருக்காங்களாம். வீட்டுக்குப் போலாமுங்களா?

விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க வைக்கும் அந்தக் கேஸ் கரையும் வரை மலை ஏறக்கூடாது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் அடைபட்ட கேஸ் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். கண் பலூன் இல்லையே, விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். வலி, வாந்தி, நரம்புக்கு இரத்தம் நின்று பார்வையே போகலாம். 20 கொண்டை ஊசி வளைவையும் ஒரு மணிக்குள் ஏறிவிடுகிறோம், கண்ணுக்குச் சுதாரிக்க நேரமில்லை. மற்றொரு பாதையான குப்பனூர் வழியாகப் போனாலும் உயரம் அதேதான்.

எஸ்.எஃப்.6 என்றால் கரைய சுமார் 2 வாரம், சி3எஃப்8 என்றால் 6 முதல் 8 வாரம். எது வைத்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியில் மட்டம் தெரிவது போலக் கண்ணில் ஒரு கோடு தெரியும், நாளுக்கு நாள் இடம் மாறும். கடைசியில் சிறு குமிழியாகி மறையும். மறைந்ததை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே மலை, விமானம் எல்லாம். இடையில் வேறு எந்த ஆபரேஷனுக்கு மயக்க மருந்து தருவதென்றாலும் கண்ணில் கேஸ் இருப்பதைச் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கூடாது.

கீழே தங்க உறவினர் வீடு இல்லை என்றால் அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டும். சிலருக்குக் கேஸுக்குப் பதில் சிலிகான் எண்ணெய் வைக்க முடியும். அது உயரத்தில் விரியாது. ஆனால் சில மாதம் கழித்து எடுக்க இன்னொரு ஆபரேஷன் ஆகும். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கும் மருத்துவருக்கு உங்கள் வீடு மலைமேல் என்பது சீட்டில் உள்ள ‘சேலம் மாவட்டம்’ என்ற வரியிலிருந்து தெரியாது.

17. அம்மாவுக்கு ஒரு கண்ணுதான் தெரியும், அதுலயும் புரை. ரெண்டு டாக்டர் தொடத் தயங்குறாங்க.

தயக்கம் நியாயமானது. 11-இல் சொன்ன அரிய சிக்கல் இந்தக் கண்ணில் வந்தால் மாற்றுக் கண் இல்லை. அதற்காகத் தள்ளிப்போட்டால் 8-இல் சொன்னபடி புரை கல்லாகி, ஆபத்து கூடும். முதலில் மற்றக் கண் ஏன் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும்: கண் அழுத்தமா, விழித்திரையா, முன்பு செய்த ஆபரேஷனா? அதே காரணம் இந்தக் கண்ணிலும் காத்திருக்கலாம். அந்தப் பழைய சீட்டுகள் பரணில் கிடந்தால் தேடி எடுங்கள்.

செய்வதென்றால் அனுபவமுள்ளவரே செய்ய வேண்டும், பயிற்சி மருத்துவர் அல்ல. இப்படிக் கேட்பதில் தவறில்லை. முடிந்தால் ஊசி இல்லாமல் சொட்டு மருந்தால் மரக்கச் செய்தால் கட்டுப் போடாமல் ஊடாகப் பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் மூடியோடு அனுப்பலாம், அம்மாவுக்கு அன்றைக்கே கொஞ்சம் தெரியும். கட்டுப் போட்டால் மறுநாள் அவிழ்க்கும் வரை முழு இருட்டு. வயதானவர் புது இடத்தில் தடுமாறி விழுவார். இரவு கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக ஒருவர் பக்கத்திலேயே படுக்க வேண்டும்.